டிரேட்மார்க் போட நான் காசு குடுத்த ரெண்டு இடம்: 999 ரூபாய் ஆன்லைன் கம்பெனி, அப்புறம் மெட்ராஸ் மேடம்

வீட்ல இருந்து பொடி, ஊறுகாய், சோப்பு, சுடிதார்னு ஏதோ ஒரு பேர் வச்சு விக்கிறவங்க படிக்கணும்னுதான் இதை எழுதுறேன். கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க. டிரேட்மார்க்னா நாம விக்கிற பொருளோட பேரை நம்மளோடதுன்னு கவர்மெண்ட்ல ரிஜிஸ்டர் பண்றது, அதுக்கு நான் ரெண்டு சர்வீஸ் யூஸ் பண்ணினேன். முதல் இடத்துக்கு 5க்கு 1 மார்க், ரெண்டாவது இடத்துக்கு 5க்கு நாலரை. ரெண்டு பேரோட பேரையும் இங்க போடல, ஆனா ரெண்டு பேரும் என்னென்ன பண்ணாங்கன்னு முழுசா சொல்றேன், அதை வச்சு நீங்க போற இடம் எப்படின்னு நீங்களே பாத்துக்கலாம்.

எங்களுக்கு பாளையங்கோட்டை. 2014லேர்ந்து இட்லிப்பொடி, எள்ளுப்பொடி, பருப்புப்பொடி, சாம்பார்பொடி விக்கோம். அம்மா வறுப்பாங்க, நானும் தம்பியும் பாக்கெட், டெலிவரி, கணக்கு. பிராண்டுக்கு வச்சது எங்க ஆச்சியோட பேரு. ஆச்சி கைப்பக்குவம்தான் அந்தப் பொடி, அதனால வேற பேர் வைக்க யாருக்கும் தோணவே இல்ல. முதல் ரெண்டு வருஷம் பக்கத்து தெரு, கோயில் கொடைக்கு வர்ற சொந்தக்காரங்க, நாலு பலசரக்குக் கடை அவ்வளவுதான், அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா தூத்துக்குடி, தென்காசி, நாகர்கோவில் வரைக்கும் போச்சு.

2022 தொடக்கத்துல தென்காசில இருந்து சித்தி பொண்ணு வாட்ஸப்ல ஒரு போட்டோ அனுப்பினா. எங்க பாக்கெட் மாதிரியே மஞ்சள் கலர், எங்க ஆச்சி பேர்ல ஒரே ஒரு எழுத்து மட்டும் மாத்தி, கீழ வேற ஊர் அட்ரஸ். அம்மா அதைப் பாத்துட்டு ஒண்ணுமே பேசல, போனைக் கீழ வச்சுட்டு அடுப்படிக்குள்ள போயிட்டாங்க. எனக்கு அன்னைக்கு ராத்திரி தூக்கமே வரல. அப்போதான் போன்ல நோண்டிட்டு இருக்கும்போது அந்த விளம்பரம் வந்துச்சு, 999 ரூபாய்க்கு டிரேட்மார்க், 24 மணி நேரத்துல ஃபைலிங்னு. உடனே காசு கட்டிட்டேன்.

முதல்ல அந்த கம்பெனி பத்தி. 999 அவங்க ஃபீஸ், கவர்மெண்ட் ஃபீஸ் 4500 தனி. இது நியாயமான கணக்குதான், அதுல குறை இல்ல. தனி ஆள், ஸ்டார்ட்அப், சின்ன தொழில்னா ஒரு கிளாஸுக்கு, அதாவது ஒரு பொருள் வகைக்கு, ஆன்லைன்ல 4500, பேப்பர்ல நேரா குடுத்தா 5000, மத்த கம்பெனிக்கு 9000, 10000. 2017 ரூல்ஸ்ல வந்த ரேட் இது. போன் பண்ணின பையன் நல்லா மரியாதையா தமிழ்லயே பேசினான். ஆதார், பான், லோகோ படம் கேட்டான். அனுப்பினேன். மொத்தம் 20 நிமிஷம்கூட ஆகல. மறுநாள் அப்ளிகேஷன் நம்பர் வந்துருச்சு. அன்னைக்கு மட்டும் ரிவ்யூ கேட்டிருந்தா 5க்கு 5 போட்டிருப்பேன்.

அவங்க என்ன கேட்டாங்கங்கிறதை விட என்ன கேக்கலங்கிறதுதான் விஷயம். "எந்த வருஷத்துலேர்ந்து இந்தப் பேர்ல விக்கீங்க?"ன்னு ஒரு கேள்வி கேக்கவே இல்ல. டி.எம்-ஏங்கிற அப்ளிகேஷன் ஃபார்ம்ல அதுக்குன்னே ஒரு இடம் இருக்கு, ஏற்கனவே பயன்படுத்துறோம்னா எந்த தேதியிலேர்ந்துன்னு எழுதி, அதுக்கு அஃபிடவிட்டும் (சத்தியம் பண்ணி எழுதிக் குடுக்குற பத்திரம்) பில்லும் சேர்த்து வைக்கணும். இல்லன்னா "இனிமேதான் பயன்படுத்தப் போறோம்"னு டிக் பண்ணணும். அவங்க ரெண்டாவதை டிக் பண்ணிட்டாங்க, ஏன்னா அதுக்கு எந்த பேப்பரும் வேண்டாம், சீக்கிரம் முடிஞ்சிரும். 8 வருஷமா அம்மா இடிச்சு வித்த பொடிய, நாங்க இனிமேதான் விக்கப் போறோம்னு எழுதி அனுப்பியாச்சு. எனக்கு அப்போ அதோட அர்த்தம் தெரியல. பிடிஎஃப் அனுப்பியிருந்தாங்க, ஆறேழு பக்கம் இங்கிலீஷ்ல, மேலோட்டமா பாத்துட்டு மூடிட்டேன்.

ரெண்டாவது தப்பு, பேரை பேரா போடல. லோகோ படமா போட்டுட்டாங்க, கலரோட. படமா போட்டா பாதுகாப்பு முக்கியமா அந்தப் படம் மொத்தத்துக்கும்தான், நாளைக்கு டிசைன் மாத்தினா அது வேற மார்க் ஆயிரும். எங்களுக்கு காப்பாத்த வேண்டியது ஆச்சி பேரு, மஞ்சள் கலர் இல்ல. மூணாவது, நாங்க ஊறுகாயும் விக்கோம்னு நான் சொன்னதை காதுலயே வாங்கல. பொடி, மசாலா, காபி, டீ எல்லாம் கிளாஸ் 30, ஊறுகாய் கிளாஸ் 29. மொத்தம் 45 கிளாஸ், 34 வரைக்கும் பொருள், மிச்சம் 11 சர்வீஸ். எதுல போடுறோமோ அதுக்குதான் ரிஜிஸ்ட்ரேஷன்.

எல்லாத்தையும் விட மோசம் இதுதான். அப்ளிகேஷன் நம்பர் அனுப்பும்போதே "இனி உங்க லேபிள்ல வட்டத்துக்குள்ள ஆர் போட்டுக்கலாம்"னு மெசேஜ் போட்டாங்க. தம்பி அதை நம்பி 2000 ஸ்டிக்கர் அடிச்சுட்டான். வட்டத்துக்குள்ள ஆர்ங்கிறது சர்டிபிகேட் கைக்கு வந்தவங்க மட்டும் போடுற அடையாளம். ரிஜிஸ்டர் ஆகாத பேரை ரிஜிஸ்டர் ஆனதுன்னு காட்டுறது டிரேட்மார்க் சட்டம் 107வது பிரிவுல தப்பு. டி.எம்னு சின்னதா ரெண்டு எழுத்து போடலாம், அதுக்கு அப்ளிகேஷன்கூட வேண்டாம், யார் வேணும்னாலும் போட்டுக்கலாம். இவ்வளவு சின்ன விஷயத்தை தொழிலா பண்றவங்க தெரியாம சொல்லியிருக்க முடியாது. கடைக்குப் போன பாக்கெட்டை எல்லாம் தம்பி வண்டியில போய் திரும்ப எடுத்துட்டு வந்தான், மீதி ஸ்டிக்கரை எரிச்சோம்.

அப்புறம் நடந்தது. சில மாசம் கழிச்சு எக்ஸாமினேஷன் ரிப்போர்ட் வந்திருக்கு, அதாவது டிரேட்மார்க் ஆபீஸ் நம்ம அப்ளிகேஷனைப் பாத்து எழுதுற ரிப்போர்ட். அது வந்து 30 நாளுக்குள்ள பதில் போடணும். ஃபார்ம்ல மெயில் ஐடி, போன் நம்பர் ரெண்டுமே அந்த கம்பெனியோடது, அதனால ரிப்போர்ட் அவங்களுக்குத்தான் போச்சு, எனக்கு வரல. அவங்ககிட்ட இருந்து ஒரே ஒரு மெசேஜ், "உங்க டிரேட்மார்க்குக்கு அப்ஜெக்‌ஷன் வந்திருக்கு, ரிப்ளை சார்ஜ் 3500". அது ஆஃபர் மெசேஜுங்களுக்கு நடுவுல கிடந்துச்சு, நான் கவனிக்கல. 2023ல ஒருநாள் நானே டிரேட்மார்க் ஆபீஸ் சைட்ல நம்பர் போட்டுப் பாக்கேன், ஸ்டேட்டஸ்ல "அபேண்டன்டு"ன்னு இருக்கு, அதாவது விட்டுட்டுப் போயிட்டாங்கன்னு ஆயிப் போச்சு. போன் பண்ணினா புதுசா ஃபைல் பண்ணிரலாம் மேடம், உங்களுக்கு டிஸ்கவுண்ட் தர்றோம்ங்கிறாங்க. நான் போனை வச்சுட்டேன்.

இனி ரெண்டாவது இடம். எங்களுக்கு லேபிள் அடிச்சுக் குடுக்குற பிரஸ் அண்ணாச்சிதான் சொன்னார், மெட்ராஸ்ல ஒரு அம்மா இருக்காங்க, டிரேட்மார்க் மட்டும்தான் பாக்குறாங்க, நம்ம பக்கத்து ஆளுங்க நிறைய பேருக்கு போட்டுக் குடுத்திருக்காங்கன்னு. லேபிள் அடிக்கிறவருக்கு யார் பேர் யாரோடதுன்னு நல்லாவே தெரியும், அதனால அவர் சொன்னா சரியா இருக்கும்னு நம்பிப் பேசினேன். வேற விளம்பரம் எதுவும் அவங்களுக்கு இல்ல, வெப்சைட்கூட இல்ல.

போனை எடுத்ததும் அவங்க கேட்ட முதல் கேள்வி, "ஏம்மா, எப்போலேர்ந்து விக்கிறீங்க, ரசீது ஏதாவது வச்சிருக்கீங்களா?" லோகோ கேக்கல, ஆதார் கேக்கல. 2014லேர்ந்துன்னேன். "வாயால சொன்னா போதாதும்மா, பேப்பர் தேடுங்க. பிரஸ் பில், கடை பில், லைசென்ஸ், பழைய லேபிள், பேப்பர் விளம்பரம், எது இருந்தாலும் எடுத்து வைங்க. அப்புறம் பேசலாம், ஃபீஸ் இப்போ அனுப்பாதீங்க"ன்னு சொல்லி வச்சுட்டாங்க. காசு வேண்டாம்னு ஒருத்தங்க சொல்றதை அந்த ஒன்றரை வருஷத்துல அன்னைக்குத்தான் முதல் தடவையா கேட்டேன்.

அன்னைக்கு சாயங்காலமே பரண்ல இருந்த எல்லாத்தையும் இறக்கினோம். ஒரு பழைய பிஸ்கட் டின்ல கம்ப்யூட்டர் பில் ஒரு கட்டு இருந்துச்சு, ரப்பர் பேண்டு போட்டு பத்திரமாதான் வச்சிருந்தேன், ஆனா பிரிச்சுப் பாத்தா எல்லாம் வெறும் வெள்ளைத் தாள். தெர்மல் பேப்பர்ல மையே கிடையாது, சூட்டுல விழுற எழுத்து, ரெண்டு மூணு வருஷத்துல மங்கிரும். ஒண்ணு ரெண்டுல லைட்டுக்கு நேரா புடிச்சா கடைப் பேரு மட்டும் தெரியுது, தேதி தெரியல. எனக்கு அழுகையே வந்துருச்சு. அப்போதான் அம்மா, "ஏட்டி, நான் எழுதின நோட்டு இருக்குல்லா"ன்னு உள்ள போய் எடுத்துட்டு வந்தாங்க. பச்சை அட்டை போட்ட பில் புக்கு, நடுவுல கார்பன் வச்சு எழுதுறது. கடைக்காரர் கிழிச்சுட்டுப் போன தாள் போயிருச்சு, அடியில ஊதாக் கலர்ல காப்பி அப்படியே இருக்கு. முதல் பக்கம் 2014 ஆகஸ்ட், எள்ளுப்பொடி 100 கிராம் 12 பாக்கெட், கடைப் பேரு, அம்மா கையெழுத்து. மேல ஆச்சி பேர்ல ரப்பர் ஸ்டாம்பு. அந்த ரப்பர் ஸ்டாம்பு கோணலா விழுந்திருக்கு, ஆனா பேரு தெளிவா இருக்கு.

இதோட பிரஸ் அண்ணாச்சி அவரோட பழைய பில் காப்பி ஒண்ணு தேடிக் குடுத்தார், எங்களோட முதல் லேபிளுக்கு அடிச்சது. 2016ல வாங்கின எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ (உணவுப் பாதுகாப்பு) ரிஜிஸ்ட்ரேஷன் இருந்துச்சு. எல்லாத்தையும் ஸ்கேன் பண்ணி அனுப்பினேன். அவங்க அரை நாள் எடுத்துப் படிச்சுட்டு கூப்பிட்டாங்க. "இது போதும்மா, இதுதான் உங்க சொத்து"ன்னாங்க.

ஏன் இந்த தேதிக்கு இவ்வளவு மதிப்புன்னு அவங்க எனக்குப் புரிய வச்ச விதம்தான் நான் நாலரை மார்க் போடுறதுக்கே காரணம். சட்டம்னு ஆரம்பிச்சா எனக்கு ஏறாதுன்னு தெரிஞ்சு, "உங்க ஊர் இருட்டுக்கடை அல்வா கேஸ் தெரியுமா?"ன்னு கேட்டாங்க. நெல்லையப்பர் கோயில் எதிர்ல சாயங்காலம் கியூ நிக்கிறது தெரியும், கேஸ் தெரியாது. அந்தப் பேரு கடைக்காரங்களா வச்சது இல்ல, மங்கலான வெளிச்சத்துல கடை நடந்ததால ஜனங்க கூப்பிட்டு வந்த பேரு. இன்னொருத்தர் முன்னால திருநெல்வேலின்னு சேர்த்து அதே பேர்ல விக்க ஆரம்பிச்சு அதை ரிஜிஸ்டரும் பண்ணிட்டார். கேஸ் சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போய் 2015 மார்ச்ல தீர்ப்பு வந்துச்சு. எங்கிட்டயும் ரிஜிஸ்ட்ரேஷன் இருக்கே, எம்மேல எப்படி கேஸ் போடுவீங்கங்கிறதுதான் அவரோட வாதம். கோர்ட் அதை ஏத்துக்கல, ரிஜிஸ்ட்ரேஷன் புதுசா ஒரு உரிமையை உண்டாக்கிறது இல்ல, முன்னாலேர்ந்து யூஸ் பண்ணி நல்ல பேர் வாங்கினவங்க உரிமைதான் பெருசுன்னு சொல்லிருச்சு. 34வது பிரிவும் அதைத்தான் சொல்லுது, முன்னாலேர்ந்து தொடர்ந்து பயன்படுத்துறவங்களை பின்னால வந்து ரிஜிஸ்டர் பண்ணினவங்க தடுக்க முடியாது.

இதைக் கேட்டதும் எனக்கு வயித்துல புளியைக் கரைச்சுது, ஏன்னா அந்த ஆன்லைன் கம்பெனி என் பேர்ல "இனிமேதான் பயன்படுத்தப் போறோம்"னு எழுதி வச்சிருக்கு, அது கவர்மெண்ட் ரெக்கார்டுல இன்னைக்கும் இருக்கு, யார் வேணும்னாலும் எடுத்துப் பாக்கலாம். நாளைக்கு ஒருத்தன் கோர்ட்ல அதைக் காட்டி, இவங்களே 2022ல இப்படி சொல்லியிருக்காங்கன்னா? மேடம் அதை மறைக்கல. "அந்த அப்ளிகேஷன் முடிஞ்சு போச்சு, புதுசா போடுறோம், ஆனா அதுல நடந்த தப்பையும் அஃபிடவிட்லயே சொல்லிருவோம், அவங்க கண்டுபிடிக்கிறதுக்கு முன்னால நாமளே சொல்றது நல்லது"ன்னாங்க. அப்படியே எழுதி நோட்டரி கையெழுத்து வாங்கினோம். 2023 ஜூன்ல புது அப்ளிகேஷன், பேர் மட்டும் எழுத்துல, கிளாஸ் 30, 2014 ஆகஸ்ட்லேர்ந்து பயன்பாடுன்னு. மெயில் ஐடில அவங்களோடதும் என்னோடதும். கவர்மெண்டுக்கு 4500, அவங்களுக்கு 8000, அதுல ரிப்ளையும் ஹியரிங்கும் (ஆபீசர் முன்னால பேசுறது) சேர்த்தி. நடுவுல ஒரு ரூபாய் கூட கேக்கல.

ஃபைல் பண்றதுக்கு முன்னால ஒரு விஷயம் பண்ணாங்க, அதையும் சொல்லணும். பேரைத் தேடுறது. கவர்மெண்ட் சைட்லயே காசில்லாம தேடலாம், எழுத்தை வச்சும் தேடலாம், சத்தத்தை வச்சும் தேடலாம். நம்ம தமிழ்ப் பேருக்கு இது ரொம்ப முக்கியம், ஏன்னா ஃபைலிங்ல பெரும்பாலும் இங்கிலீஷ் எழுத்துதான், ழகரம் வந்தா ஒருத்தர் ஒரு மாதிரி எழுதுவார், ளகரம் லகரம் ரெண்டும் ஒரே எழுத்து, நெடில் குறில் தெரியாது. மேடம் எங்க ஆச்சி பேரை 9 விதமா எழுதித் தேடினாங்க. அதுல வேற மாநிலத்து ஆள் ஒருத்தர் 2019ல போட்டிருந்த பேர் மாட்டுச்சு. இது நமக்கு அப்ஜெக்‌ஷனா வரும், இப்பவே தயாரா இருப்போம்னு சொன்னாங்க. சொன்ன மாதிரியே வந்துச்சு. 2024 செப்டம்பர்ல கவர்மெண்டே ஏஐ வச்சு தேடுற டூல் ஒண்ணு கொண்டுவந்திருக்கு, இருந்தாலும் தமிழ்ப் பேர் வச்சவங்க எல்லா ஸ்பெல்லிங்கையும் கையாலயும் ஒருதடவை தேடிப் பாத்துருங்க.

ரிப்போர்ட்ல வந்தது 11வது பிரிவு அப்ஜெக்‌ஷன், அதாவது ஏற்கனவே இருக்குற பேர் மாதிரியே இருக்கு, ஜனங்க குழம்பிருவாங்கன்னு. (9வது பிரிவுன்னா வேற, பேரு வெறும் வர்ணனையா இருக்குன்னு அர்த்தம், "சுவையான இட்லிப்பொடி"ன்னு பேர் வச்சா அதுல மாட்டும்.) நான் சொன்னேன், ரெண்டும் எழுத்துல வேற வேறயா இருக்கே மேடம்னு. அதுக்கு அவங்க சொன்னது ஆண்டாள் அம்பாள் கேஸ். மெட்ராஸ் மூக்குப்பொடிக் கம்பெனி ஸ்ரீ அம்பாள், இன்னொருத்தர் ஸ்ரீ ஆண்டாள்னு மூக்குப்பொடிக்கே பேர் கேட்டார். ஆண்டாள் யாரு, அம்பாள் யாருன்னு நமக்கெல்லாம் சொல்லித்தர வேண்டாம், ஒருத்தங்க ஸ்ரீவில்லிபுத்தூர்ல பிறந்தவங்க, ஒருத்தங்க சிவன் கோயில்ல நிக்கிறவங்க. லேபிள்ல படமும் வேற. ஆனா 1969ல சுப்ரீம் கோர்ட் என்ன சொல்லுச்சுன்னா, கண்ணுக்கு வேறயா இருந்தா மட்டும் போதாது, காதுக்கு எப்படி கேக்குதுன்னு பாக்கணும், கடையில வாயால கேட்டு வாங்குற பொருள் அது, ரெண்டும் ஒரே மாதிரி கேக்குது, அதனால ஆண்டாள் கிடையாதுன்னு. நம்ம பலசரக்குக் கடையில நின்னு பாத்தா இது எவ்வளவு சரின்னு தெரியும், "அந்த மஞ்ச பாக்கெட், அந்த ஆச்சி பேர் போட்டதக் குடுங்க அண்ணாச்சி"ன்னுதான் கேப்பாங்க, யாரு எழுத்து கூட்டிப் படிக்கா?

அதே சமயம் சாதாரண வார்த்தைய யாரும் பட்டா போட்டுக்க முடியாதுங்கிறதையும் சொன்னாங்க. நூடுல்ஸ் கம்பெனிங்க ரெண்டும் "மேஜிக் மசாலா", "மேஜிக்கல் மசாலா"ன்னு நம்ம மெட்ராஸ் ஹைகோர்ட்லயே வருஷக்கணக்கா மோதினது, ஐடிசி நெஸ்லே மேல போட்ட கேஸ். 2020ல கோர்ட் ஐடிசி கேட்டதைக் குடுக்கல. மேஜிக்ங்கிறது பெருமைக்குச் சொல்ற வார்த்தை, மசாலா பொது வார்த்தை, ரெண்டும் யாரோட தனிச்சொத்தும் இல்ல. கிட்டத்தட்ட இதே மாதிரி 2025 ஆகஸ்ட்ல சுப்ரீம் கோர்ட்டும் பிளெண்டர்ஸ் பிரைடு, லண்டன் பிரைடு விஸ்கி கேஸ்ல, பிரைடுங்கிற ஒரு வார்த்தைய மட்டும் பிரிச்சு எடுத்து எனக்குன்னு சொல்ல முடியாது, மார்க்கை முழுசா பாக்கணும்னு சொல்லியிருக்கு. அதனால பேர் வைக்கப் போறவங்க "ஹோம்மேடு", "நாட்டு", "சூப்பர்" மாதிரி வார்த்தைய நம்பி பேர் வைக்காதீங்க, அதைக் காப்பாத்துறது ரொம்ப கஷ்டம். ஆச்சி பேரு, ஊர் பட்டப்பேரு, யாரும் யோசிக்காத வார்த்தை, இதெல்லாம் நல்லா நிக்கும்.

ஹியரிங் 2024 தொடக்கத்துல, வீடியோ கால்ல. நாங்க மெட்ராஸ் போகவே இல்ல. ஆபீஸ் கிண்டி ஜிஎஸ்டி ரோட்ல இருக்கு, இந்தியா முழுக்க டிரேட்மார்க்குக்கு இருக்குற அஞ்சு ஆபீஸ்ல ஒண்ணு, கோவில்பட்டி கடலை மிட்டாய், ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கெல்லாம் புவிசார் குறியீடு குடுத்த ஆபீஸும் அங்கதான். மேடம் என்னையும் லிங்க்ல சேர்த்து கேமரா ஆஃப் பண்ணி கேக்கச் சொன்னாங்க. பத்து நிமிஷம்கூட இல்ல. அந்த 2019 ஆள் "இனிமேதான்"னு போட்டவர், நாங்க 2014, இதோ கார்பன் காப்பி, இதோ பிரஸ் பில், நேர்மையா தனித்தனியா பயன்படுத்துறவங்களுக்கு 12வது பிரிவுல இடம் இருக்குன்னு நிதானமா சொன்னாங்க. ஆபீசர் பில் புக் பக்கத்தைப் பெருசு பண்ணிப் பாக்கச் சொன்னார். ஸ்கிரீன் முழுக்க அம்மா கையெழுத்து. அம்மா என் பக்கத்துல உக்காந்து அதைப் பாத்துட்டு இருந்தாங்க, முந்தானையை எடுத்து வாய்ல வச்சுக்கிட்டாங்க. அந்த நிமிஷத்தை என்னால மறக்கவே முடியாது.

அப்புறம் ஜர்னல்ல வந்துச்சு. ஆபீஸ் ஏத்துக்கிட்ட பேரையெல்லாம் வெளியிடுற டிரேட்மார்க் ஜர்னல் வாராவாரம் திங்கள்கிழமை வரும், நம்ம பேர் அதுல வந்த தேதியிலேர்ந்து 4 மாசம் யார் வேணும்னாலும் எதிர்ப்பு போடலாம். போட்டா அந்த நோட்டீஸ் நமக்கு வந்த 2 மாசத்துக்குள்ள பதில் குடுக்கணும், குடுக்கலன்னா அப்ளிகேஷன் போச்சு, அதுக்கு மேல டைம் கேக்க முடியாது. மெயில் யாருக்குப் போகுதுங்கிறது இங்கதான் உயிர் நாடி. ஃபார்ம்ல உங்க மெயில் ஐடி இருக்கான்னு இன்னைக்கே பாருங்க. எங்களுக்கு யாரும் எதிர்ப்பு போடல. ஆனா இந்த நாலு மாசத்துல எனக்கு எத்தனை போன் தெரியுமா, உங்க பேர் கேன்சல் ஆகப் போகுது, 6000 அனுப்புங்க, ஜர்னல் சார்ஜ் பாக்கின்னு. நம்ம அட்ரஸ் எல்லாம் பொது ரெக்கார்டுல இருக்குறதால எடுத்துக் கூப்பிடுறாங்க. ஒவ்வொரு தடவையும் மேடமுக்கு ஸ்கிரீன்ஷாட் அனுப்புவேன், "கட்டாதீங்க, ஆபீஸ் ஃபீஸ் ஜிபேல வாங்க மாட்டாங்க"ன்னு ஒரே வரியில பதில் வரும்.

2024 அக்டோபர்ல சர்டிபிகேட் மெயில்ல வந்துச்சு. 10 வருஷத்துக்கு செல்லும், அதுவும் சர்டிபிகேட் வந்த நாள்லேர்ந்து இல்ல, அப்ளை பண்ணின நாள்லேர்ந்து, அதனால எங்களுக்கு 2033 ஜூன். ரினியூவல் ஃபீஸ் ஆன்லைன்ல 9000, அதுல சின்னவங்களுக்கு பாதி ரேட் கிடையாது, இதையும் மேடம் முன்னாலயே சொல்லிட்டாங்க.

எங்க பேரைக் காப்பியடிச்ச அந்த தென்காசி பாக்கெட் ஆள் என்ன ஆனார்னு கேப்பீங்க. மேடம் ஒரு லெட்டர் போட்டாங்க, சர்டிபிகேட் காப்பி, பில் புக் காப்பி, ரெண்டு பாக்கெட்டும் பக்கத்துல வச்ச போட்டோ. 15 நாள் டைம். அவர் என் தம்பிக்கே போன் பண்ணி, அச்சடிச்ச கவர் மிச்சம் இருக்கு, தீபாவளி வரைக்கும் விட்டுருங்க, அப்புறம் பேர் மாத்திக்கிறேன்னார். எழுதிக் குடுக்கச் சொன்னோம், குடுத்தார், மாத்திட்டார். கோர்ட்டுக்குப் போகல. போயிருந்தா என்ன ஆகும்னு கேட்டேன். 3 லட்சத்துக்கு மேல மதிப்புள்ள இந்த மாதிரி வழக்கெல்லாம் இப்போ கமர்ஷியல் கோர்ட்ஸ் சட்டத்துல வரும், அவசரமா தடை உத்தரவு வேணும்னா ஒழிய கேஸ் போடுறதுக்கு முன்னால சமரசப் பேச்சுக்குப் போயே ஆகணும், 2022ல சுப்ரீம் கோர்ட் இதைக் கட்டாயம்னு சொல்லிருச்சு. ரிஜிஸ்டர் ஆன பேருக்கு இன்னொரு லாபம், அடுத்தவன் எந்த ஊர்ல இருந்தாலும் நாம தொழில் பண்ற ஊர் மாவட்ட கோர்ட்லயே கேஸ் போடலாம். ரிஜிஸ்டர் ஆகலன்னா பேரைத் திருடி விக்கிறான்னு கேஸ் போட முடியும்தான், ஆனா பொதுவா அவன் ஊருக்கோ தப்பு நடந்த ஊருக்கோ நாம அலையணும். எங்களை மாதிரி ரெண்டு பேர் லீவு போட்டா கடையே நின்னு போற குடும்பத்துக்கு இது பெரிய வித்தியாசம்.

ஆபீஸ்ல நமக்கு எதிரா முடிவு வந்திருந்தா அப்பீல் எங்கன்னும் கேட்டு வச்சேன். முன்னால அதுக்குன்னு ஐபிஏபின்னு தனி போர்டு இருந்துச்சு, சென்னைலதான் தலைமை ஆபீஸ், 2021ல அதைக் கலைச்சுட்டாங்க, இப்போ ஹைகோர்ட்டுக்கே போகணும். மெட்ராஸ் ஹைகோர்ட்ல 2023லேர்ந்து இதுக்குன்னே தனிப் பிரிவு ஓடுது. ஹைகோர்ட்னா செலவுதான், அதனால ஹியரிங்லயே ஒழுங்கா பேசி முடிக்கிற ஆள் கிடைக்கிறது எவ்வளவு பெரிய விஷயம்னு புரிஞ்சுது.

அரை மார்க் ஏன் குறைச்சேன்னா, மேடம் அனுப்புற எல்லாமே இங்கிலீஷ். போன்ல தமிழ்ல அழகா சொல்றவங்க, அதையே தமிழ்ல நாலு வரி எழுதி அனுப்பினா அம்மாவும் படிப்பாங்க. அவங்ககிட்ட நேராவே சொன்னேன், கோவிச்சுக்கல. இன்னொண்ணு, ஆள் ஒருத்தர்தான், போன் பிசியா இருந்தா மறுநாள்தான் பேச முடியும். அவசரக்காரங்களுக்கு ஒத்து வராது.

அந்த 1 மார்க் கம்பெனி மாதிரி இடத்துக்குப் போறவங்க காசு கட்டுறதுக்கு முன்னால மூணு விஷயம் வாட்ஸப்ல எழுத்துல வாங்கிக்கோங்க. பயன்பாட்டு தேதி என்ன போடப் போறீங்க, பேரா போடுறீங்களா படமா போடுறீங்களா, ஃபார்ம்ல யாரோட மெயில் ஐடி. பதில் சொல்லத் தெரியாத ஆளுக்கு 999 இல்ல, 9 ரூபாயும் குடுக்காதீங்க. கம்ப்யூட்டர் பில் வாங்கினா அன்னைக்கே போட்டோ எடுத்து தேதி போட்டு வச்சுக்கோங்க, லேபிள் அடிச்ச பிரஸ் பில்லை தொலைக்காதீங்க.

ஊறுகாய்க்கு கிளாஸ் 29ல போன மாசம் ஃபைல் பண்ணிட்டோம், அதே மேடம்தான், இந்த தடவை 6000 வாங்கினாங்க, பேப்பர் எல்லாம் ஏற்கனவே ரெடியா இருந்ததால. நாரத்தங்காய் ஊறுகாய் முதல் பில் 2017 சித்திரை, அதே பச்சை அட்டை நோட்டுல மூணாவது புக்கு, 40வது பக்கம். ஸ்டேட்டஸ் இப்போதைக்கு "மார்க்டு ஃபார் எக்ஸாம்", அதாவது ஆபீஸ் இனிமேதான் பாக்கணும். அம்மா கடைக்கு சரக்கு போகும்போது இன்னும் கார்பன் வச்சுத்தான் எழுதுறாங்க, தம்பி பில்லிங் மெஷின் வாங்கினதுக்கு அப்புறமும்.